முதல் வண்டிக்கு ஒரு வீட்டு ஆள்

ஷெட்
ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சொல்லி பாப்பா எழுதியதல்ல. நானே பென்சிலைப் பிடித்து எழுதுவது. எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. நம் வண்டிகளுக்குப் போர்டு எழுதித் தருகிற அம்மாள் இருக்கிறாரே, அவர்தான் கற்றுக்கொடுத்தார். தூரத்தில் நிற்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி எழுதித்தான் அவருக்குப் பழக்கம். எனக்கும் அதுவே வந்துவிட்டது. எழுபத்து மூன்று வயதில், ஐந்தே மாதத்தில். முதலில் எழுதிய வாக்கியம் 'படியில் நிற்காதீர்'. இரண்டாவது 'கை, தலை நீட்டாதீர்'. வண்டி ஓட்டிய காலமெல்லாம் இவை என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ஏதோ பூவேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கற்றாய் என்று கேட்பாய். ஆகஸ்டில் பாப்பாவுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. மேஜையில் கடிதம் குவிந்தது. எது அவசரம், எது விளம்பரம் என்று எனக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவள் கட்டிலுக்கே கொண்டுபோனேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, ஆபீஸையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். பாப்பா சிரித்தாள். தையல் வலித்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்றாவது கடிதம் பெர்மிட் புதுப்பிப்பது பற்றி. இரண்டு நாள்தான் பாக்கி.

வரைபடம் வரையப் படித்த என் மகள். ஒரு மாதம் மட்டும் இருக்கிறேன் என்று இருபத்திரண்டு வயதில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. நோயில் படுக்கக்கூட அவளுக்கு விடுதலை இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் படித்துக்கொண்டால் அவள் எழுந்து போகலாம். அதனால் கற்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பஸ் முதலாளிகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் வரலாற்றை எழுதித் தர வேண்டும். நானே எழுதுகிறேன் என்றேன். இதுவரை எழுதியது: 'அப்பா ஒரு பழைய லாரி வாங்கினார். அதன்மேல் மரத்தால் கூண்டு கட்டினார். இருபத்திரண்டு பேர் உட்காரலாம். மழை பெய்தால் பதினாறு பேர்.'

தேதிகள் உன்னிடம்தான் இருக்கின்றன. போனில் கேட்கலாம். ஆனால் எடுத்தால் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். எழுதி அனுப்பு.

அண்ணன்


டைம் ஆபீஸ்
ஜனவரி 12

அண்ணனுக்கு,

கடிதம் முதல் வண்டியில் வந்தது. வண்டி ஆறு நிமிடம் தாமதம். டிரைவரைக் கேட்டேன். நீங்கள் உறையை ஒட்டி முடிக்கும்வரை நிற்கச் சொன்னீர்களாம். இந்தக் கம்பெனியில் வண்டி யாருக்காகவும் நிற்காது. வரலாற்றின் முதல் வரியாக அதை எழுதுங்கள். அம்மாவையே ஸ்டாண்டில் விட்டுவிட்டு அப்பா வண்டியை எடுத்ததை இரண்டாவது வரியாக எழுதுங்கள்.

அது லாரி அல்ல. ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. ஓட ஆரம்பித்தது நான் பிறந்த மாதம். "ஒரே மாசத்துல ரெண்டு புள்ள, ஒண்ணு இரும்பு" என்று அம்மா சொல்வாள். இரண்டாவது வண்டி ஒன்பது வருடம் கழித்து. அதிகபட்சம் பதினான்கு வண்டி ஓடியது. புறவழிச்சாலை திறந்து பெரிய கம்பெனிகள் வந்தபிறகு குறைந்தது. இன்று ஆறு.

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். முதல் வண்டியை வீட்டு ஆள்தான் அனுப்ப வேண்டும். கடைசி வண்டியை வீட்டு ஆள்தான் வாங்க வேண்டும். இரண்டு முனையிலும். அப்பா போட்ட விதி. இதனால் நாற்பத்தாறு வருடமாக நான் இந்த ஸ்டாண்டுக்கு மேலே உள்ள அறையைத் தவிர வேறு எங்கும் படுத்ததில்லை. கடலைப் பார்த்ததில்லை. இதை மலரில் போட வேண்டாம்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய அந்த மதியத்தை எப்படி எழுதப் போகிறீர்கள்? அதைப் பார்த்தபிறகுதான் மற்றத் தேதிகள்.

இன்னொன்று. உங்கள் பழைய கடிதங்களில் இருந்த அன்பு இதில் இல்லை. சொந்தக் கையால் எழுதினால் குறைந்துவிடும் போலிருக்கிறது.

தம்பி


ஷெட்
ஜனவரி 30

தம்பிக்கு,

அந்த மதியத்தை இப்படி எழுதியிருக்கிறேன்.

'அப்பா வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தார். நான் தம்பி இருக்கும் முனைக்குக் கியர்பாக்ஸ் வாங்கப் போயிருந்தேன். தகவல் வந்ததும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடினேன். இரண்டேகால் வண்டியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்படி ஸ்டாண்ட் டீக்கடைக்காரரிடம் போனில் சொல்லியிருந்தேன். நான் உள்ளே நுழையும்போது நம் வண்டியின் முதுகுதான் தெரிந்தது. நான்கு நிமிடம். அப்போது அந்த ரோட்டில் நம் வண்டி மட்டும்தான். அடுத்தது நாலரைக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடிவிட்டார்கள். வண்டியை அனுப்பியவன் என் தம்பி.'

எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட வரவில்லை. பத்தொன்பது வருடம் இதைச் சுமந்தேனே, எவ்வளவோ பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

நீ எழுதிய அந்த 'அன்பு' எனக்குப் புரியவில்லை. அன்பாக நான் எதுவும் சொன்னதில்லையே. பாப்பா பெர்மிட் ஆபீஸ் போகிற நாளாகப் பார்த்து அலமாரியைத் திறந்தேன். ஒழுங்கான பெண். உனக்கு அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருக்கிறாள். அதன் பின்னால் உன் பதிலைக் குத்தி வைத்திருக்கிறாள். ஒன்பது நாள் திருட்டுத்தனமாகப் படித்தேன்.

நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "டயர் போய்ச் சேந்துச்சான்னு கேளு. வேற ஒரு வார்த்தை எழுதாதே." நகலில் இருப்பது: 'டயர் வந்ததா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈரத்தில் நிற்காதே. அன்றைக்கு உன்னை ஆத்திரத்தில் பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.'

உன் பதிலில் இருப்பது: 'டயர் வந்தது.' அவ்வளவுதான். அவள் எனக்குப் படித்துக் காட்டியது இது: "டயர் வந்தது. அண்ணனுக்கு இருமல் குறைந்ததா? அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எழாதுடா, எப்படி எழும்" என்று மீசையைத் தடவிக்கொண்டேன். பத்தொன்பது வருடமாகத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன்


டைம் ஆபீஸ்
பிப்ரவரி 4

அண்ணனுக்கு,

இரண்டு நாளாக டிரிப் ஷீட்டில் நேரத்தை மாற்றி மாற்றி எழுதுகிறேன். எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். அண்ணன் இறங்கி வந்துவிட்டார், இன்னும் ஒரு படி இறங்கட்டும் என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன். கடைசியில் யாருமே இறங்கவில்லை. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறோம். நடுவில் ஒரு பெண் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் செய்தது மோசடி. ஏழாம் நம்பர் வண்டியை விற்க நீங்கள் சம்மதித்துவிட்டதாக எழுதினாள். அதனால் நானும் சரி என்றேன். நீங்கள் உண்மையில் சம்மதித்தீர்களா?

என் மதியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரர் வந்து என்னிடம் சொன்னது உண்மை. வண்டியில் ஐம்பது பேர் இருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா போட்ட விதியை அவர் சாகிற நாளில் உடைக்க எனக்குக் கை வரவில்லை. போகலாம் என்று கைகாட்டினேன். நீங்கள் நாலரை வண்டியில் போனீர்கள். நான் போனேனா? மறுநாள் முதல் வண்டியை யார் அனுப்புவது? கடைசி வண்டியை யார் வாங்குவது? உங்களுக்கு மூடிய முகமாவது கிடைத்தது. நானும் அவர் பிள்ளைதான். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை நீங்கள் இதைக் கேட்டிருக்கலாம்.

தம்பி


ஷெட்
பிப்ரவரி 16

தம்பிக்கு,

நாலரை வண்டியில் நீ ஏன் ஏறவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு வரியை எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. பென்சில் காரணமல்ல.

ஏழாம் நம்பர் வண்டி விஷயம். நீ சம்மதித்துவிட்டதாக அவள் சொன்னாள். அதனால் நான் சம்மதித்தேன். ஆக அந்த வண்டியை நீயும் விற்கவில்லை, நானும் விற்கவில்லை. நல்ல இடத்துக்குத்தான் போயிற்று.

இப்போது நான் சொல்லப் போவதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

பத்தாம் தேதி தபால்காரர் வந்தபோது நான் வாசலில் நின்றேன். பாப்பா பெயருக்கு நீளமான உறை. பிரித்துவிட்டேன். படிக்கத் தெரிந்த சந்தோஷம், வேறு கெட்ட எண்ணம் இல்லை. மெக்கானிக் இறங்கி நிற்கிற கிரீஸ் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து படித்தேன். அச்சடித்த தாள், இரண்டு பக்கம், ஒரு வார்த்தையையும் யாரிடமும் கேட்கவில்லை. முடிக்கும்போது மெக்கானிக் டீக்குப் போய்விட்டு வந்துவிட்டான். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்புறம்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மண்டைக்குள் இறங்கியது.

துறைமுக ஊரில் வரைபட அலுவலகம். கடற்கரையை அளந்து வரைகிற வேலை. அவள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், நமக்குத் தெரியாமல். எடுத்துக்கொண்டார்கள். மார்ச் இருபதாம் தேதி சேர வேண்டும். உன் ஊரிலிருந்து இரண்டு நாள் ரயில்.

மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். பிறகு பழைய ஃபியூஸ் போடுகிற தகர டப்பாவுக்குள் வைத்தேன். ஆறு நாளாக அங்கேதான் இருக்கிறது. அவளைப் போக விடவேண்டும் என்று எழுத்துக் கற்றவன், கற்ற எழுத்தை வைத்து முதலில் செய்த காரியம் இது. கொடுக்கலாம் என்று தினமும் போகிறேன். அவள் தலை நிமிராமல், "என்னப்பா, டீயா?" என்கிறாள். "ஆமா" என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஏழு டீ ஆகிறது.

தீர்ந்த டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் அவள் ரோடு வரைந்து வைத்திருக்கிறாள். நம் ரோடு இல்லை. ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக விட்டு, அதன் ஓரத்தில் வளைந்து வளைந்து போகிற ரோடு. அந்த வெறுமைதான் கடல் என்று நினைக்கிறேன்.

என்ன செய்யட்டும்?

அண்ணன்


டைம் ஆபீஸ்
பிப்ரவரி 17

கிழித்துவிடுங்கள்.

அவள் போனால் என் முழங்காலைக் கேட்க ஆளில்லை. கேட்டது நீங்கள் அல்ல, அவள்தான் என்று தெரிந்தபிறகும் சொல்கிறேன். கிழித்துவிடுங்கள்.


டைம் ஆபீஸ்
பிப்ரவரி 18

அண்ணனுக்கு,

நேற்றைய தாளை நீங்கள் பார்க்காதது போல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று முதல் வண்டியை அனுப்பும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பதினாறாயிரம் தடவைக்கு மேல் காலையில் நின்று 'போகலாம்' என்று கைகாட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஏறியதில்லை. கண்டக்டர், "என்ன சார், கை அப்படியே நிக்குது?" என்றான். இறக்கிக்கொண்டேன்.

அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி


ஷெட்
மார்ச் 2

தம்பிக்கு,

உன் இரண்டாவது கடிதம் வந்தபிறகும் இரண்டு நாள் டப்பாவிலேயே வைத்திருந்தேன். மறைக்க மாட்டேன். பிறகு கொடுத்தேன். நான் பிரித்ததையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை. வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு டீசல் சீட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன பாப்பா, ஒண்ணும் சொல்லல?"

"அவங்க போன வாரமே போன் பண்ணிட்டாங்கப்பா. வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நான் போனா ஒரே வாரத்துல நீங்களும் சித்தப்பாவும் ஒவ்வொரு வண்டியையும் குறுக்க அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துப்பீங்க."

"நான்தான் படிக்கக் கத்துக்கிட்டேனே."

"படிக்கத் தெரிஞ்சா போதுமா? சித்தப்பா எழுதுறதைப் படிச்சுட்டு உங்களால தாங்க முடியுமா?" என்றாள். சொன்னபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அலமாரி பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அவர்கள் இன்னும் வேறு ஆளை எடுக்கவில்லையாம். இருபதாம் தேதிவரை இடம் காலிதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வாய்தவறிச் சொன்னாள்.

ஒரு வாரம் யோசித்தேன். தானாக அவள் போகமாட்டாள். நாமாக அனுப்ப வேண்டும். கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன், படி. 'நம் கம்பெனியின் அலுவலகப் பொறுப்பிலிருந்து இவரை இன்று முதல் நீக்குகிறோம்.' நம் பங்கு ஒப்பந்தப்படி இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். எனக்கு இதுவரை கைநாட்டுத்தான். முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் மகளை வேலையை விட்டுத் துரத்துகிற தாளில். ஆனாலும் அழகாக வந்திருக்கிறது, பார்.

அண்ணன்


டைம் ஆபீஸ்
மார்ச் 9

அண்ணனுக்கு,

ஏழு நாள் வைத்திருந்தேன். நீங்கள் டப்பாவில் வைத்தீர்கள், நான் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தேன். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் உத்தரவு செல்லாது. காரணம் எழுதாமல் யாரையும் நீக்க முடியாது. போன மாதம் டிக்கெட் பரிசோதகரை நீக்கியபோது இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆகவே காரணம் சேர்த்திருக்கிறேன்: 'பத்தொன்பது ஆண்டுகளாக இரு உரிமையாளர்களின் கடிதங்களையும் மாற்றி எழுதியதும், மாற்றிப் படித்துக் காட்டியதும்.' ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கையெழுத்து பெரியது. என்னுடையதற்கு மூலைதான் கிடைத்தது.

தம்பி


ஷெட்
மார்ச் 14

தம்பிக்கு,

நேற்று கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். காரணம் எழுதிய இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"ஜனவரியில."

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"காரணம் எழுதினதே அவன்தான்."

"அப்ப இந்த ரெண்டு மாசமா வரலாறு எழுதுறேன்னு கவர் கவரா ஒட்டினீங்களே, நேராவே எழுதிக்கிட்டீங்களா? சண்டை வரலியா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"அடுத்த கடுதாசி வந்துச்சு."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே தாள்ல இருக்கு. நான் யாருக்கும் படிச்சுக் காட்டாம, யாருக்கும் பதில் எழுதாம" என்றாள். அப்புறம் அழுதாள். நான் பழைய பஸ் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டில் யாரோ ஜாக்கியைக் கீழே போட்டான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேலையை விட்டுத் தூக்கினா ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும் தெரியுமா?" என்றாள். "வழக்குப் போடு" என்றேன்.

நாளைக்கு முதல் வண்டியில் வருகிறாள். சாவிகளை ஒரு கம்பியில் கோத்துக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் எது எதற்கு என்று சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறாள், நான் படிப்பேன் என்று.

வண்டியை நான்தான் அனுப்புவேன். ஒரு நிமிடமும் பிந்தாது. அந்த முனையில் வாங்கிக்கொள். ரயிலில் ஏற்றிவிடு.

அண்ணன்


டைம் ஆபீஸ்
மார்ச் 16

அண்ணனுக்கு,

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. பாப்பா வந்து சேர்ந்தாள். ரயிலடிவரை போய்வர எனக்கு நேரமிருந்தது. வீட்டை விட்டு வரும்போது அழுதாளா என்று தெரியவில்லை. இங்கே அழவில்லை. ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கினாள். ரயில் நகர்ந்தபோது கையாட்டினாள். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நின்ற பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

உங்களுக்கு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி இருக்கும். இருக்க வேண்டாம். இருபத்திரண்டு வயதில் அனுப்பியிருக்க வேண்டிய பெண்ணை நாற்பத்தொன்றில் அனுப்பியிருக்கிறீர்கள். அவளை நாற்காலியில் கட்டிப்போட்டது உங்கள் வீம்பு. நான்கு நிமிடத்தை நீங்கள் பத்தொன்பது வருடமாக இழுத்தீர்கள். நானும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. ஆனால் இழுக்க ஆரம்பித்தது நீங்கள்.

இதை யாரும் உங்களுக்கு இனிப்புத் தடவிப் படித்துக் காட்டமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி


ஷெட்
மார்ச் 19

தம்பிக்கு,

படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னும் இரண்டு தடவை படித்தேன். இல்லை. நீ எழுதியது அப்படியேதான் இருந்தது.

கோபம் வந்தது. உன்னைத் திட்டி நான்கு வரி எழுத வேண்டும் என்று அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பேசினால் மூச்சு விடுவதற்குள் திட்டி முடித்திருப்பேன். எழுதும்போது அப்படி நடக்கவில்லை. முதல் வார்த்தையை முடிப்பதற்குள் மூன்றாவது மறந்துபோயிற்று. இரண்டாவதை யோசித்துக்கொண்டிருக்கும்போது அது உனக்குத்தானா எனக்கா என்று சந்தேகம் வந்துவிட்டது. தாளை மாற்றினேன். மூன்று தாள் மாற்றி இது நான்காவது. கூடையில் கிடப்பவற்றை உனக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திட்டே இல்லை என்று நினைத்து நீ மீசையைத் தடவிக்கொள்ளக் கூடாது.

அறை பெரிதாகிவிட்டது. மேஜையில் பிரிக்காத உறைகள் ஐந்து. ஒரு நாளைக்கு மூன்றுதான் என்னால் முடிகிறது, வருவது நான்கு. காலையில் வண்டியை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் கடைசி வண்டியை வாங்கத்தான் எழுந்திருக்கிறேன். நீ அங்கே எப்படி இருந்திருப்பாய் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. சொல்கிறேனே தவிர, எனக்கோ உனக்கோ இதைவிட்டு எழுந்து போக இன்னொரு வயது இல்லை.

இனிமேல் நீ எழுதுவது எழுதியபடியே எனக்கு வரும். நான் எழுதுவது அப்படியே உனக்கு வரும். நடுவில் யாரும் இல்லை. தப்பிக்க இரண்டு பேருக்கும் வழியில்லை.

எழுது.

அண்ணன்